பெட்டியில் ஒரு நகம், விரலில் வேறு நகம்

கேள்வி (17 ஆகஸ்ட் 2025, மாலை)

சித்தி பெண்ணின் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒட்டு நகம் ஒரு பெட்டி வாங்கினேன். வெளிர் ரோஜா நிறம், பாதாம் வடிவம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் கையைப் பார்த்தால் பிறவி நகம் என்றே தோன்றும். என் விரலில் ஒட்டிப் பார்த்தேன். தூரத்திலிருந்தே பிளாஸ்டிக் என்று தெரிகிறது. அகலமாக இருக்கிறது, தடித்திருக்கிறது, நிறமும் வெளுத்துப் போய்ச் சாம்பலாகத் தெரிகிறது. அம்மா பார்த்துவிட்டு “என்னடி இது” என்றார். பெட்டிப் படத்தில் ஏமாற்றுகிறார்களா, இல்லை என் விரல்தான் இதற்கு லாயக்கில்லையா? கல்யாணம் செப்டம்பர் முதல் வாரம்.

17 ஆகஸ்ட், இரவு

விரலில் ஒரு கோளாறும் இல்லை. முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள்.

நான் திருச்சியில் மணப்பெண் அலங்காரத்துக்கு என் அக்காவோடு போகிறவள். மருதாணியும் நகமும் என் பொறுப்பு. இதே புகாரை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கேட்கிறேன். பெண்கள் எல்லாரும் தங்கள் விரலைத்தான் குறை சொல்கிறார்கள், பெட்டியைச் சொல்வதில்லை. எனக்கு அதில்தான் கோபம்.

பெட்டிக்குள் நகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைத் தட்டில் வரிசையாக ஒட்டி, நேர் மேலிருந்து பார்க்கும்படி வைத்திருப்பார்கள். நம் கையை யாரும் நேர் மேலிருந்து பார்ப்பதில்லை. தாம்பூலம் கொடுக்கும்போதும், போட்டோவுக்குக் கன்னத்தருகே கை வைக்கும்போதும், காபி டம்ளரைப் பிடிக்கும்போதும் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கப் பார்வையில்தான் அடிப்பக்கத் தடிமனும், ஓரத்து இடைவெளியும், நகம் மேலே தூக்கி நிற்கிறதா என்பதும் தெரியும். பெட்டி காட்டாமல் விடுவதும் அந்த மூன்றைத்தான்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஒட்டியதைப் பிய்த்து இழுக்க வேண்டாம். மிச்சமிருக்கும் நகம் ஒன்றை எடுத்துக் கண் மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்து, தோலோடு சேரும் அடி ஓரத்தைப் பாருங்கள். அங்கே படி மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தால் உங்கள் புகாரில் பாதிக்குக் காரணம் அதுதான்.

18 ஆகஸ்ட், காலை

அகலத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

24 நகம் என்று போட்டிருக்கும் பெட்டியில் பெரும்பாலும் 12 அளவு, ஒவ்வொன்றிலும் இரண்டு. 30 என்றால் 15 அளவு, இரண்டிரண்டு. கணக்கு சரியாகத்தான் தெரியும், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. ஆனால் பலருக்கு நடுவிரலும் மோதிர விரலும் கிட்டத்தட்ட ஒரே அகலம். அப்போது அந்த அளவில் நான்கு வேண்டும், இருப்பது இரண்டு. வலது கட்டைவிரல் இடதைவிடக் கொஞ்சம் அகலமாக இருப்பதும் சகஜம். அதனால் கடைசியில் சில விரல்களுக்கு “இது பரவாயில்லை” என்று ஒரு அளவு பெரியதை எடுத்து ஒட்டிவிடுகிறோம். பெட்டிப் படத்தில் இருக்கும் கைக்கு அந்த நெருக்கடி கிடையாது. ஒரே ஒரு கைக்கு, வேண்டிய அளவெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரமெடுத்து ஒட்டிய படம் அது.

ஒரு அளவு பெரியதை ஒட்டினால் நகத்தின் இரு ஓரமும் தோல் மேல் ஏறி உட்காரும். தோல் மெத்தென்று இருக்கும், அசையும், வியர்க்கும். அதன் மேல் பசை நிற்காது. விரலை மடக்கும்போதெல்லாம் தோல் நகத்தை மேலே தள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு விரல் நுனி பட்டையாகத் தெரியும். ஒரு அளவு சின்னதை ஒட்டினாலும் நன்றாக இருக்காது. இரு பக்கமும் நம் சொந்த நகம் கோடாக எட்டிப் பார்க்கும்.

அளவெடுக்கும் முறை: ஒளி ஊடுருவும் செலோ டேப் ஒரு துண்டை நகத்தின் மிக அகலமான இடத்தில் குறுக்காக, வளைவோடு படிய ஒட்டுங்கள். நகம் முடிந்து தோல் தொடங்கும் இரண்டு இடத்திலும் பேனாவால் புள்ளி வையுங்கள். டேப்பை எடுத்து ஸ்கேல் மேல் ஒட்டினால் மி.மீ. கிடைக்கும். பத்து விரலுக்கும் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்களுக்கு இது பெரிதாக மாறாது, ஒருமுறை எடுத்தால் போதும். பெட்டி நகத்தை அளக்கும்போதும் அதே மாதிரி டேப்பை வளைவின் மேல் ஒட்டித்தான் அளக்க வேண்டும். ஸ்கேலை நேராக வைத்தால் குறைவாகக் காட்டும்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்து, இரு பக்கமும் அரத்தால் தேயுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தால் நகம் கோணலாக நிற்கும்.

18 ஆகஸ்ட், மதியம்

அகலம் சரியாக இருந்தும் தூக்கிக்கொள்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது வளைவின் பிரச்சினை. சிலருக்கு நகம் நன்றாக உருண்டு வளைந்திருக்கும், சிலருக்குத் தட்டையாக இருக்கும். குழாயின் மேல் தட்டையான அட்டையை அழுத்திப் பிடித்தால் கையை எடுத்ததும் அது நிமிரும் இல்லையா, அதேதான் இங்கே நடக்கிறது. அழுத்தும்போது படிகிறது. ராத்திரி தூங்கி எழுவதற்குள் ஓரம் கிளம்பிவிடுகிறது. அந்த ஓரத்தில் தலைமுடி மாட்டும். முடி மாட்டி இழுக்கும்போதுதான் வலிக்கும்.

உருண்ட நகம் இருப்பவர்கள் நன்றாக வளைந்த நகமாகத் தேட வேண்டும். தட்டை நகக்காரர்கள் பெட்டி நகத்தைச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் போட்டு, இளகியதும் லேசாக விரித்துக் குளிரவிடலாம். குளிர்ந்த நகத்தை மடக்காதீர்கள். இதில் பெரும்பாலானவை ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது வளையும் இடத்தில் வெள்ளையாகக் கோடு விழும், அந்தக் கோடு போகவே போகாது. மெரூன் நகத்தில் அந்த வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும்.

19 ஆகஸ்ட்

“விலை கூடினதை வாங்கினால் பெட்டியில் இருப்பது மாதிரியே வருமா?”

ஓரளவுக்கு வரும். ஃபேன்சி ஸ்டோரில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் அடி ஓரம் தடிமனாக இருக்கும், நுனி வரைக்கும் அதே தடிமன்தான். நல்லதில் அடி ஓரம் காகிதம் அளவுக்கு இழைத்திருப்பார்கள், நடுவில் கொஞ்சம் திடமாக இருக்கும். தோலோடு சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் அளவு அந்தப் பெட்டியில் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய்ப் பெட்டியும் கையில் அசிங்கமாகத்தான் நிற்கும். விலை குறைந்ததையே அளவு பார்த்து, அடியை இழைத்து ஒட்டினால் பத்தில் ஏழு பேருக்கு வித்தியாசம் தெரியாது என்பேன்.

இழைப்பது எப்படி என்றால், மேல் பக்கத்தைத் தொடாதீர்கள். அங்கே நிறமும் பளபளப்பும் இருக்கிறது, தேய்த்தால் போய்விடும். நகத்தைக் கவிழ்த்து உட்பக்கத்தில் வேலை செய்யுங்கள். நைசான உப்புத்தாளை ஒரு பென்சிலில் சுற்றிக்கொண்டு, அடி ஓரத்தில் ஒரு மி.மீ. அகலத்துக்கு மட்டும் மெதுவாக உருட்டித் தேய்த்தால், வெள்ளைத் தூள் உதிர உதிர விளிம்பு மெலிந்து வருவது தெரியும். விரல் நுனியால் தடவிப் பார்த்துப் படி தட்டாமல் இருந்தால் நிறுத்திவிடலாம். தூளைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

20 ஆகஸ்ட், இரவு

நிறம். நீங்கள் “சாம்பலாகத் தெரிகிறது” என்று எழுதியதை விட்டுவிட்டு அகலத்திலேயே நின்றுவிட்டேன்.

அந்த வெளிர் ரோஜாவில் வெள்ளை நிறமி நிறைய இருக்கும். வெள்ளை அட்டை மேல், கடையின் வெள்ளை விளக்கில், பக்கத்தில் வேறு எந்த நிறமும் இல்லாதபோது அது ரோஜாவாகத் தெரிகிறது. நம் மாநிறத் தோலுக்குப் பக்கத்தில் வந்தவுடன் ரோஜா பின்வாங்கி, அந்த வெள்ளைதான் முன்னால் வருகிறது. அதுதான் சாம்பல். மாநிறக் கைக்குத் ‘தோல் நிறம்’ என்றால் பழுப்பு கலந்த ரோஜா, காரமெல், செங்கல் நிறம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பெட்டியில் ‘நியூட்’ என்று எழுதி உள்ளே வைத்திருப்பது வேறு யாருடைய தோல் நிறமோ. கடையில் பெட்டியை வாங்கிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில், புறங்கை மேல் வைத்துப் பாருங்கள். நகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம், தோலோடு பாருங்கள்.

இன்னொரு விஷயம், இது நம் ஊர்க் கல்யாணங்களில் மட்டும் வருவது. மருதாணி. முந்தின நாள் மருதாணி வைத்துக்கொண்டு, காலையில் ஒளி ஊடுருவும் ரோஜா நகத்தை ஒட்டுகிறார்கள். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயம் நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். தோலில் ஓரிரு வாரத்தில் போகும், நகத்தில் வெட்டி வளர்ந்து வெளியேறும் வரை இருக்கும். கை நகம் முழுசாக மாற ஆறு மாதம் பிடிக்கும். அந்த ஆரஞ்சு நிறம் ரோஜா வழியாகத் தெரிந்து, நுனியில் மட்டும் ரோஜா, அடியில் அழுக்கு ஆரஞ்சு என்று இரண்டு நிறமாகிவிடும். எத்தனை மணப்பெண்கள் இதைப் பார்த்துக் கடைசி நிமிடத்தில் கண் கலங்கியிருக்கிறார்கள்! பெட்டிப் படத்தில் இருக்கும் கையில் மருதாணி இல்லை. மருதாணி உண்டு என்றால் ஒளி ஊடுருவாத நிறத்தை எடுங்கள். மெரூன், அரக்கு, தாமிரம், பொன் எல்லாம் மருதாணிக்குப் பக்கத்தில் அழகாகவும் இருக்கும்.

21 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் நகத்தின் அடியில் வெள்ளி மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது காற்று. நகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் ஒளி அந்த இடத்தில் திருப்பி அடித்து வெள்ளியாகத் தெரியும். பசை அந்த இடத்தை நிரப்பியிருந்தால் ஒன்றும் தெரியாது. பசையை இரண்டு பக்கமும், நம் நகத்திலும் அந்த நகத்தின் உட்குழியிலும், மெல்லிசாகப் பூசுங்கள். அடி ஓரத்தைச் சாய்த்து வைத்து, அங்கிருந்து நுனியை நோக்கி மெதுவாகப் படுக்க வையுங்கள். காற்று முன்னால் தள்ளப்பட்டு வெளியேறிவிடும். அரை நிமிடம் அசையாமல் அழுத்துங்கள். நேராக மேலிருந்து ‘டப்’ என்று வைத்தால் நடுவில் காற்று மாட்டுவது நிச்சயம்.

பசைக்குப் பதிலாக இரு பக்கமும் ஒட்டும் ஸ்டிக்கர் போட்டால் ஒளி ஊடுருவும் நகம் வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கரின் விளிம்பே உள்ளே கட்டமாகத் தெரியும்.

22 ஆகஸ்ட்

நீளம். ஒருவர் சவப்பெட்டி வடிவம், அதாவது பக்கங்கள் குறுகி நுனி நேராக வெட்டியது போல இருக்கும் நீள நகம் வாங்கி, தன் விரல் குட்டையாகத் தெரிகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி நகம் மொத்தம் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சதையோடு ஒட்டிய நகப் பகுதி 10 மி.மீ. என்றால் 14 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிடிமானத்தைவிட நீட்டம் அதிகம். பார்ப்பவர் கண்ணும் நுனியிலேயே நிற்கும். படத்தில் இருப்பவருக்கு நகப் பகுதியே 14 இருக்கலாம், அப்போது நீட்டம் 10தான். ஒரே நகம்தான், ஒரு கையில் அளவாகத் தெரியும், இன்னொரு கையில் அளவு மீறித் தெரியும். அதோடு போட்டோவுக்கு விரல்களை லேசாக மடக்கி, ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிப் பிடிக்க வைப்பார்கள். அந்த மாதிரி பிடித்தால் யார் விரலும் நீண்டுதான் தெரியும்.

வெளியே நீட்டுவது சதையோடு ஒட்டிய பகுதியைவிடக் குறைவாக இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். நகவெட்டியால் நடுவில் ஒரே வெட்டாக வெட்டினால் விரிசல் ஓடும். இரண்டு ஓரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேயுங்கள். நுனியில் டிசைன் இருக்கும் நகத்தை வெட்டவே முடியாது. பிரெஞ்சு டிப் என்று நுனியில் வெள்ளைப் பட்டை வைத்த நகம் வாங்கும்போது அதனால்தான் குட்டையான பெட்டியாகவே வாங்கச் சொல்கிறேன்.

24 ஆகஸ்ட்

கொஞ்சம் வழி விலகுகிறேன். ஆனால் இந்தப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1934இல் சிகாகோவில் மாக்ஸ்வெல் லாப்பே என்ற பல் மருத்துவர் நகம் கடிப்பவர்களுக்காக ஒட்டு நகம் செய்தார் என்று சொல்வார்கள். 1954இல் பிலடெல்பியாவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற இன்னொரு பல் மருத்துவருக்கு வேலையில் நகம் உடைந்தது. பல் கட்டும் அக்ரிலிக்கை வைத்துத் தன் விரல் மேலேயே நகம் செய்துகொண்டார். இன்று பார்லரில் செய்யும் அக்ரிலிக் நகம் அந்த வழியில் வந்தது. பல் மருத்துவர்கள் வாய்க்கு அளவெடுத்துப் பல் கட்டுகிறவர்கள். பார்லர் நகமும் அப்படித்தான், விரலுக்கு மேல், அந்த விரலுக்காகவே உருவாகிறது.

பெட்டி நகம் யார் விரலுக்கு என்று தெரியாமலே அச்சில் வார்த்துப் பெட்டியில் அடைத்தது. அதில் தப்பில்லை. விலை குறைய வேண்டும் என்றால் அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் அளவெடுக்கும் வேலை அப்போது வாங்குகிறவர் தலையில் விழுகிறது. அதைச் சொல்லாமல், ஒட்டினால் முடிந்தது என்று படம் போடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சீனாவில் ஜியாங்சு மாகாணத்து டோங்ஹாய் பகுதியில் கையாலேயே ஒட்டு நகம் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். இணையத்தில் அளவு கேட்டுப் பத்தே நகமாக அனுப்பும் கைவேலைக்காரர்கள் இப்போது நம் ஊரிலும் இருக்கிறார்கள். விலை கூடத்தான். அளவு கொடுத்து வாங்குவதால் படத்துக்கும் கைக்கும் நடுவில் தூரம் குறைகிறது.

27 ஆகஸ்ட், விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை பிடிக்கும் வீட்டில் நகம் ஒட்டிக்கொண்டு உட்காராதீர்கள். மாவு அடியில் போய் இறுகிவிடும். சொப்பு செய்யும்போது நுனி பட்டு ஓரம் கிழியும், பூரணம் வெளியே வரும்.

சமையலறை பற்றிப் பெட்டியில் ஒரு வரி இருக்காது. மஞ்சளைச் சொல்கிறேன். வெளிர் நிற நகத்தோடு சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிட்டால் நுனி மஞ்சளாகிவிடும், சோப்பு போட்டாலும் போகாது. ஆனால் குர்குமின் என்ற அந்த மஞ்சள் சாயம் வெயிலில் வெளுக்கும். கழற்றிய நகத்தை நல்ல வெயிலில் வைத்து எடுங்கள், நிறைய மங்கிவிடும். விரலில் இருக்கும்போதே என்றால் மாடியில் துணி காயப்போடும் நேரத்தில் கையை வெயிலில் காட்டினாலும் கொஞ்சம் குறையும்.

பந்தியில் உட்காரும் பெண்ணுக்கு நான் சொல்வது, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் நகத்தை மற்ற இரண்டைவிடக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். சோறு எடுப்பது அந்த மூன்றில்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

28 ஆகஸ்ட்

கழற்றுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புக் கரைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, பொறுமையாக ஊறவிடுங்கள். ஓரம் தானாகக் கிளம்பியதும் மரக்குச்சியால் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பிய்த்தால் நம் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும், அந்த இடம் வளர்ந்து போகும் வரை சொரசொரப்பாக இருக்கும். அசிட்டோன் பசையைக் கரைக்கும், பிளாஸ்டிக் நகத்தையும் சேர்த்துக் கரைக்கும், திரும்பப் போட முடியாது.

பசையை ஒருபோதும் பஞ்சில் துடைக்காதீர்கள். இது சயனோஅக்ரிலேட், சூப்பர் க்ளூ வகை. பருத்தியில் பட்டால் சட்டென்று இறுகிச் சூடாகும், விரலைச் சுட்டுவிடும் அளவுக்கு. இதைக் கொட்டை எழுத்தில் பெட்டியில் போட வேண்டும்.

2 செப்டம்பர்

ஐரோப்பாவில் நேற்று முதல் ஏதோ நக ரசாயனத்தைத் தடை செய்துவிட்டார்களாம், பெட்டி நகமும் அதில் வருமா என்று கேள்வி. டிபிஓ என்பது அதன் சுருக்கப் பெயர். விளக்கில் காட்டி இறுக வைக்கும் ஜெல்லில் அந்த இறுக்கத்தைத் தொடங்கி வைக்கும் பொருள் அது. சாதாரணப் பசையிலோ ஸ்டிக்கரிலோ ஒட்டும் பிளாஸ்டிக் நகத்துக்கு விளக்கே தேவையில்லை, அதனால் இந்தப் பேச்சும் இல்லை. விளக்கில் காட்டி ஒட்டும் ஜெல் பசை கொடுத்திருந்தால் மட்டும் பொருள் பட்டியலைப் பாருங்கள்.

5 செப்டம்பர்

செவிலியர் வேலை பார்க்கும் ஒரு வாசகி, கல்யாணத்துக்கு ஒட்டியதை அப்படியே டூட்டிக்குப் போட்டுப் போகலாமா என்று கேட்கிறார். வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுத்த வழிகாட்டியில், நோயாளிகளைத் தொட்டுப் பார்ப்பவர்கள் ஒட்டு நகம் போடக் கூடாது, சொந்த நகமும் 0.5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நகத்தின் அடியில் கிருமி தங்கும், கை கழுவினாலும் முழுசாகப் போகாது. எங்களுக்கும் இது பாடம்தான். ஓரம் தூக்கிய நகத்தின் உள்ளே ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். தூக்கிய நகத்தை மேலே பசை விட்டு அழுத்தாதீர்கள். கழற்றி, காயவைத்து, அப்புறம் ஒட்டுங்கள்.

9 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அளவெடுத்துப் பார்த்தால் எட்டு விரலுக்கு ஒரு அளவு பெரியதை ஒட்டியிருந்தாராம். ஓரம் தேய்த்து, அடியை இழைத்து, நீளத்தைக் குறைத்து, நிறத்தை மாற்றித் தாமிர நிறத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அம்மா, “பார்லர்ல பண்ணினியா, எவ்வளவு ஆச்சு” என்று கேட்டாராம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது இன்னொரு விஷயம் கேட்கிறார். அடியில் மெல்லிசாக இடைவெளி தெரிய ஆரம்பித்துவிட்டதாம், நழுவிவிட்டதா என்று. நழுவவில்லை, உங்கள் நகம் வளர்ந்திருக்கிறது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். ஒரு வாரம் பத்து நாளில் அடியில் கோடு தெரிந்தே தீரும். எந்தப் பெட்டிப் படத்திலும் பத்தாவது நாள் கை இருக்காது. இரண்டு வாரம் நிற்கும் என்று எழுதியிருந்தால் நிற்கலாம், ஆனால் முதல் நாள் மாதிரியே தெரியாது. போட்டோ எடுப்பதென்றால் முதல் மூன்று நாளுக்குள் எடுத்துவிடுங்கள்.

11 செப்டம்பர்

பெட்டியில் ஏமாற்றுகிறார்களா என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இத்தனை நாள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பற்றி நான் பெரிதாகச் சண்டை போட மாட்டேன். அழகான கையில் போட்டுப் படம் எடுப்பது எல்லா வியாபாரத்திலும் உண்டு. என் சண்டை அளவைப் பற்றி. நம் நாட்டில் பொட்டலப் பொருள்களுக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, அதிகபட்ச விலை, புகார் செய்ய வேண்டிய இடம் எல்லாம் போட வேண்டும், இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும். பெரும்பாலான பெட்டிகளில் இவை இருக்கின்றன. அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. பொருளின் அளவு முக்கியமானதாக இருந்தால் அந்த அளவைப் போட வேண்டும், உள்ளே இருக்கும் துண்டுகள் வெவ்வேறு அளவில் இருந்தால் ஒவ்வொன்றின் அளவையும் போட வேண்டும். ஒட்டு நகத்தைவிட அளவு முக்கியமான பொருள் ஃபேன்சி ஸ்டோரில் வேறு என்ன இருக்கிறது? வளையலுக்கு 2.4, 2.6 என்று அளவு சொல்லித்தானே விற்கிறார்கள்! நகத்தின் உட்புறம் 0, 1, 2 என்று ஒரு எண் மட்டும் இருக்கும். பெரும்பாலும் 0தான் பெரியது. ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 5 இல்லை. அந்த எண்ணை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

பெட்டியின் பின்பக்கம் பன்னிரண்டு எண்ணுக்கும் நேராக அகலம் எத்தனை மி.மீ. என்று ஒரு சின்ன அட்டவணை, பக்கவாட்டில் பார்த்த ஒரு படம். இவ்வளவு போதும். பாதிப் பெண்கள் தங்கள் கையைக் குறை சொல்வதை நிறுத்திவிடுவார்கள். உள்ளே எண்ணிக்கை குறைந்திருந்தாலோ, படத்தில் ஒரு நிறமும் பெட்டியில் ஒரு நிறமும் இருந்தாலோ பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லுங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நூறு ரூபாய்ப் பொருளுக்கு யார் புகார் செய்வார்கள் என்று நினைப்பதால்தான் இது இப்படியே ஓடுகிறது.

13 செப்டம்பர்

கால் நகத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா? பொருந்தும், ஆனால் காலில் பெருவிரல் ஒன்றைச் சரியாகப் பார்த்தால் போதும், மெட்டி போட்ட விரலில் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலுக்கு ஒட்டாமல் அதே நிறப் பாலிஷ் போட்டுவிடுவேன். செருப்புக்குள் அது எப்படியும் நிற்காது.

14 செப்டம்பர்

சரி, அட்டவணையைக் கம்பெனிக்காரர்கள் போடும்வரை நாமே போடலாம். என்னிடம் இருக்கும் பெட்டிகளை டேப் வைத்து அளக்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருக்கும் முதல் பெட்டியில் 0 என்று போட்டது 15 மி.மீ., 9 என்று போட்டது 7 மி.மீ. நடுவில் இருப்பவற்றை அடுத்த பதிவில் வரிசையாக எழுதுகிறேன். உங்களிடம் இருக்கும் பெட்டிகளையும் அளந்து இங்கேயே போடுங்கள். பெட்டியின் பெயர், உட்புற எண், வளைவின் மேல் அளந்த அகலம், மொத்த நீளம், அவ்வளவு போதும். வளைவு அதிகமா குறைவா என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது. ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முன் பத்துப் பெட்டியாவது சேர்ந்தால் கடைக்குப் போவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.